மூணாப்புக்குப் போகும் சுவர்

இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே இருந்த சுவரை மே மாத விடுமுறையில் இடித்தார்கள். செங்கல்லை ஏலம் விட்டார்கள், மண்ணை வாரிக் கொண்டுபோய் ரேஷன் கடைப் பள்ளத்தில் கொட்டினார்கள், சுவர் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்து சத்துணவு ஆயா ராமாயி ஒரு கோலமும் போட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சுவர் அங்கேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அதைக் கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் நெற்றி. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தவன் மைதானத்தின் நடுவில் முட்டி உட்கார்ந்தான். பந்து அவனுக்கு முன்பே முட்டித் திரும்பியிருந்தது. அவன் எழுந்து கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "சார், செவுரு இருக்குதுங் சார்" என்றான். பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் அர்த்தனாரி வந்து தானும் தடவிப் பார்த்தார். பழைய சுவரில் காரை பெயர்ந்த இடம் அதே உயரத்தில், அதே சொரசொரப்போடு விரலில் பட்டது. "ஆமா, இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பையனின் நெற்றியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்.

தறிகள் ஓடும் அந்தப் பகுதியில் தெற்குத் தெருவைப் பார்த்துச் சின்னப் பள்ளியும் வடக்குத் தெருவைப் பார்த்துப் பெரிய பள்ளியும் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தன. சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும், பெரிய பள்ளியில் மூன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெரு வழியாகப் போக வேண்டுமானால் நூல் லாரிகள் போகும் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் யாரும் சுற்றிப் போகவில்லை. வருடா வருடம் ஜூனில், பள்ளி திறக்கிற நாளில், இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சின்னப் பள்ளியின் கோகிலம் டீச்சர் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுவர்மேல் உட்கார வைப்பாள். அந்தப் பக்கம் நிற்கும் அர்த்தனாரி, அந்தப் பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து பார்த்தவராக இருந்தாலும், "யாரு?" என்று கேட்பார். பிள்ளை இனிஷியலோடு பெயரைக் கத்திச் சொல்லும். "எந்த வகுப்பு?" என்பார். "மூணாப்பு!" என்று அது சொன்ன பிறகுதான் கை நீட்டி இறக்கிக்கொள்வார். சில பிள்ளைகள் மேலே உட்கார்ந்தபடியே அழும், சில மூத்திரம் பெய்துவிடும், அம்மாக்கள் கீழே சர்க்கரைப் பொட்டலத்தோடு நிற்பார்கள். இதற்குச் செவுரேத்தறது என்று பெயர். செவுரேத்தாமல் மூன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளை அந்தத் தெருக்களில் கிடையாது.

அந்த வருடம் இரண்டு பள்ளிகளையும் ஒரே தொடக்கப் பள்ளியாக இணைப்பதற்கு உத்தரவு வந்தது. ஒரே பள்ளி என்றால் நடுவில் சுவர் எதற்கு என்று சுவரை இடித்தார்கள். லீவிலேயே வேலையை முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில், இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை இன்னும் சுவரேற்றவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கோகிலம் டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. ஒரே பள்ளிக்கு ஒரே தலைமையாசிரியர். சின்னப் பள்ளியின் தலைமையாசிரியரும் அவள்தான், ஆசிரியரும் அவள்தான். இணைப்பு முடிந்துவிட்டால் பெரிய பள்ளியில் இருக்கிறவர்களே ஒன்றையும் இரண்டையும் பார்த்துக்கொள்வார்கள், அவள் உபரி. உபரி ஆசிரியர்களை மலைப் பள்ளிகளுக்கு மாற்றுவார்கள், மலைக்குப் போனால் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும். வீடு என்பது சின்னப் பள்ளிக்கு எதிரே இருக்கும் தறிப்பட்டறையை ஒட்டிய இரண்டு அறைகள். பட்டறையில் அவளுடைய புருஷன் மாரப்பன் தறி ஓட்டினார். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. உலகத்தில் யார் பேசினாலும் அவருக்குப் புரியாது, கோகிலத்தின் வாயசைவு மட்டும் புரியும். டாக்டர் சொல்வதையும் முதலாளி சொல்வதையும் டிவியில் சொல்வதையும் அவள்தான் வாயை மட்டும் அசைத்து அவருக்குச் சொல்ல வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தெருவைத் தாண்டிப் போய் அவருக்கு எதிரே உட்காருவாள். அரைமணி நேரம் உதடு அசையும். அதுதான் அவருக்கு அன்றைய பேப்பர், அன்றைய பேச்சு, அன்றைய சண்டை எல்லாம். போன் இதற்கு உதவாது. படத்தோடு பேசும் போனில் முயன்று பார்த்தார்கள். அவளுடைய உதடு விட்டு விட்டு அசைந்ததில் அவர் ஒன்றுக்கு ஒன்பதாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொண்டார்.

பள்ளி திறந்த அன்று காலையில், யாரும் வருவதற்கு முன்பு, கோகிலம் டீச்சர் எப்போதும் போல உள்ளே வந்து எப்போதும் போலக் குடையைச் சுவர்மேல் வைத்தாள். வைத்து இரண்டு அடி நடந்த பிறகுதான் சுவரை இடித்துவிட்டார்கள் என்று நினைவு வந்து திரும்பிப் பார்த்தாள். குடை அந்தரத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பையன் முட்டிக்கொண்ட பிறகு எல்லோரும் கூடினார்கள். பட்டறையிலிருந்து இளவட்டங்கள் ஏணி கொண்டுவந்து சாத்தினார்கள். ஏணி நின்றது. ஏறினவன் பழைய சுவரின் உயரத்தைத் தாண்டியும் சுவரையே தடவிக்கொண்டிருந்தான். இன்னொரு ஏணியை அதன்மேல் கட்டி ஏறினான். அங்கேயும் சுவர். அவன் கால்மாட்டில், பழைய சுவரின் தலை இருந்த இடத்தில், ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அவனைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. "காக்காய்க்கு இருக்குது, எனக்கு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் இறங்கினான். ராமாயி ஒரு தட்டை வைத்துப் பார்த்தாள். விழுந்தது. அர்த்தனாரி எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க ஒருக்கா பாருங்க" என்றார்.

கோகிலம் டீச்சர் கைகளைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கைகளும் சுவரின் தலைமேல், வெயிலில் சுட்ட செங்கல்மேல் பதிந்தன.

"எட்டலைங்க சார்" என்றாள்.

அதன் பிறகு சுவருக்கு ஊர் பழகிவிட்டது. சாயங்காலம் அதன் நிழல் எப்போதும் விழும் பக்கம் விழுந்தது, பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். பல்லிகள் வெறும் காற்றில் மேலும் கீழும் ஓடின. குளவி ஒன்று ஆள் உயரத்தில் அந்தரத்தில் மண்கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. லீவு நாட்களில் தெற்குத் தெருப் பெண்கள் வந்து வறட்டி தட்டினார்கள், வரிசை வரிசையாக வறட்டிகள் காற்றில் ஒட்டிக்கொண்டு காய்ந்தன. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய் அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். யாரோ ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வந்தது. தேர்தல் இன்னும் தூரத்தில் இருந்தபோதே கட்சிக்காரர்கள் வந்து, சுவர் தங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று நீல எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். பெரிய பள்ளிப் பிள்ளைகள் அதைத் திருப்பிப் போட்ட எழுத்தாகப் படித்துப் படித்து, சீக்கிரத்தில் எந்த எழுத்தையும் திருப்பிப் போட்டே எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

இடித்த ஒப்பந்தக்காரரை மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் ஆட்களோடு வந்து சம்மட்டியால் நாலு போடு போடச் சொல்லிக் கேட்டார். செங்கல்லில் விழுகிற சத்தம்தான், ஒன்றும் உதிரவில்லை. "இடிச்சாச்சுங்க. கல்வி ஆபீசர் மேடம் வந்து பாத்துக் கையெழுத்தும் போட்டாச்சு. இடிச்ச செவுத்த மறுபடி இடிக்கறதுக்கு எந்தத் தலைப்புல பில்லுப் போடறதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து எதிரே தெரிந்த வறட்டிகளையும் குங்குமத்தையும் நீல எழுத்தையும் பார்த்தார். இல்லாத சுவர் இப்படிப் பளிச்சென்று தெரிந்தால் கேள்வி வரும் என்று எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவச் சொன்னார். கழுவினார்கள். குளவிக்கூட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

சத்துணவு பெரிய பள்ளியில்தான் சமைப்பது. முன்பெல்லாம் சின்னப் பிள்ளைகளின் சாம்பார் வாளியை ராமாயி சுவர்மேல் வைப்பாள், இந்தப் பக்கம் கோகிலம் எடுத்துக்கொள்வாள். இப்போது அர்த்தனாரி காலிடுக்கில் வாளியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் மெயின் ரோட்டைச் சுற்றி வந்தார். அவருடைய வெள்ளைப் பேன்ட் முழங்காலுக்குக் கீழே மஞ்சளாகிவிட்டது.

"சாம்பாரச் சுத்திக் கொண்டாறீங்களே, புள்ளைகளையும் அப்பிடியே ஏத்திட்டுப் போயிரலாமில்லீங்க சார்?" என்று ராமாயி கேட்டாள்.

"சாம்பார் சிந்துனா தொடச்சுக்கலாம்" என்றார்.

முதல் வாரத்தில் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகத்தான் செய்தார்கள். ஒரு நூல் லாரி ஒரு பிள்ளையின் புத்தகப் பையை உரசிக் கிழித்துக்கொண்டு போனது. அதன் பிறகு யாரும் போகவில்லை. இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள். கோகிலம் டீச்சர் அவர்களுக்குப் பழைய பாடத்தையே நடத்தினாள். தினமும் காலையில், யாரும் இல்லாதபோது, குடையைச் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாள். குடை நிற்கும். எடுத்துக்கொள்வாள். மத்தியானம் மாரப்பனுக்கு எதிரே உட்காரும்போது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். ஆனால் காது போனதிலிருந்து மாரப்பனுக்கு மெதுவாகப் பேச வராது. "வெண்டைக்காய்ப் பொரியல்" என்று அவள் உதட்டை அசைத்தால், "வெண்டைக்காயா!" என்று அவர் கேட்பது மெயின் ரோடு வரைக்கும் போகும். அவரிடம் சொல்வதும் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். அவள் பேச்சை வேறு எதற்கோ மாற்றிவிடுவாள்.

"என்னமோ மறைக்கற நீ" என்று ஒருநாள் அவர் சொன்னார். பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மழைக்காலம் வந்து போனது. பழைய இரண்டாம் வகுப்பில் மிதுனா என்று ஒரு பெண். அவளுக்கு முழங்கால் பெஞ்சுக்கு அடியில் நுழையாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. டீச்சர் கேள்வியைப் பாதி கேட்கும்போதே அவள் பதிலைச் சொல்லிவிடுவாள், அதனால் டீச்சர் அவளைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு அவள் பெஞ்சில் உட்காருவதையும் நிறுத்தினாள். மைதானத்தின் நடுவில் போய், தலையைச் சாய்த்து, காதைக் காற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாள். காது மடிந்து தட்டையாகியிருக்கும். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புக்காரர்கள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசையும். கோகிலம் டீச்சர் வகுப்பு வாசலிலிருந்து அந்த உதடுகளைப் பார்ப்பாள். சத்தமில்லாத உதடுகளைப் படிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருநாள் மிதுனாவின் அம்மா பாப்பாத்தி ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சாக, கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏனுங் டீச்சர், எம்புள்ள ஃபெயிலுங்களா?"

"யாரு சொன்னா?"

"தெருவுல ரெண்டாப்புக் கெழவின்னு கூப்படறாங்க. நேத்துலருந்து சோறு திங்கமாட்டேங்கறா. ‘நான் ஃபெயிலாம்மா, இல்ல செவுரு ஃபெயிலா?’ன்னு கேக்கறா. எனக்கு என்னுங் தெரியும்? நான் அஞ்சாப்புதானுங்க. உங்க கையாலதான் செவுரேத்துனீங்க."

"ஃபெயில் இல்ல பாப்பாத்தி" என்றாள் கோகிலம் டீச்சர். பாப்பாத்தி "அப்ப சரிங்க" என்று போனாள்.

பிப்ரவரியில் கல்வி அலுவலர் மறுபடியும் வந்தார். இணைப்பு முடிந்ததா இல்லையா என்று மேலே சொல்லியாக வேண்டும். அவர் தெற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இளநீர் குடித்து, கோகிலத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இணைக்க இயலாதுன்னு எழுதிட்டுப் போயிடறேன். ரெண்டும் ரெண்டாவே இருக்கட்டும். உங்க போஸ்ட்டும் அப்படியே இருக்கும். உங்க வீட்டுக்காரர் விஷயமெல்லாம் எனக்குத் தெரியும்."

"இந்தப் பிள்ளைங்க மேடம்?"

"அவங்க... இன்னொரு வருஷம் பார்க்கலாம். சின்னப் பிள்ளைங்கதானே."

அந்தப் பக்கம் அர்த்தனாரி வாளியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். மைதானத்தின் நடுவில் மிதுனா காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். அன்று வகுப்பில் வாய்ப்பாடு சொல்லவில்லை, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்படியும் அவள் நின்றாள்.

கோகிலம் டீச்சர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

"சார், வண்டிய நிறுத்துங்க. அக்கட்ட செவுத்தோரமா வந்து நில்லுங்க."

"எதுக்குங்க டீச்சர்?"

"நில்லுங்க சொல்றேன்."

அவள் மிதுனாவின் இடுப்பைப் பிடித்தாள். மிதுனா கனத்தாள், ஜூனில் தூக்கியிருந்தால் இவ்வளவு கனம் இருந்திருக்காது. முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி வைத்தாள். மிதுனா அந்தரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். அர்த்தனாரி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மஞ்சள் பேன்ட்டோடு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முதலில் கோகிலத்தைப் பார்த்தார். ஜூனிலிருந்து சாம்பார் சுமந்த மனிதர் கேட்கக்கூடிய எதையும் அவர் கேட்கவில்லை. மேலே பார்த்து, "யாரு?" என்றார்.

"கே. மிதுனா!"

"எந்த வகுப்பு?"

"மூணாப்பு! பதிமூணாம் வாய்ப்பாடு தெரியும் சார்!"

"அதெல்லாம் எறங்கி வந்து சொல்லு" என்று கை நீட்டினார்.

மற்ற பிள்ளைகள் சொல்லாமலே வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள், கத்தினார்கள், இறங்கினார்கள். ஒருவன் மேலே போய் அழுதான், ஒருத்தி மூத்திரம் பெய்தாள். அது காற்றில் ஒரு கோடாக வழிந்து இறங்கியதைக் கல்வி அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தார். யாரோ பட்டறைக்குள் ஓடிப்போய்ச் சொன்னார்கள். அம்மாக்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். கைக்குச் சர்க்கரை அகப்படாதவர்கள் டீக்கடையிலிருந்து பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு கோகிலம் டீச்சர் கையை நீட்டிப் பார்த்தாள். சுவர் இருந்தது.

"போகலீங்களா?" என்று அர்த்தனாரி அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இல்லீங்க சார்."

"அப்ப இன்னும் யாரோ பாக்கி."

இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பும் புது இரண்டாம் வகுப்பும் இருந்தன, அவர்களுக்கு இன்னும் முறை வரவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு அந்தப் பக்கம் மிதுனாதான் சொன்னாள்: "டீச்சருங் சார். டீச்சரு எத்தன வருசமா ரெண்டாப்புலயே இருக்காங்க."

பெண்கள் சிரித்தார்கள். கோகிலம் டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் போட்டாள். பாப்பாத்தி ஒரு பக்கமும், கல்வி அலுவலர் இளநீர்க் கையோடு இன்னொரு பக்கமும் தாங்கித் தள்ள, பெஞ்சின்மேல் ஏறி, உள்ளங்கை இரண்டையும் அழுத்தி எம்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்பி உட்கார்ந்தாள். செங்கல் சுட்டது.

"யாரு?" என்று பழக்கத்தில் கேட்டார் அர்த்தனாரி.

"மா. கோகிலம்" என்றாள்.

"எந்த வகுப்பு?"

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. கேட்டுக்கு மேலே, தெருவுக்கு அந்தப் பக்கம், பட்டறை வாசல் தெரிந்தது. தறிகள் எல்லாம் நின்றுவிட்டதை அதிர்வு இல்லாத தரையிலிருந்து தெரிந்துகொண்டு, மாரப்பன் வெளியே வந்து நின்றிருந்தார். புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு. அவர் எதுவும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

கோகிலம் உதடுகளை அசைத்தாள். அசைத்தது அவருக்கு மட்டும்தான். நான்தான் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன், இனி பள்ளி ஒன்றாகிவிடும், என்னை மாற்றிவிடுவார்கள்.

மாரப்பன் கையை வாயோரம் குவித்துக்கொண்டார். "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். இரண்டு தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் கேட்டது. ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டான்.

எந்த ஊருக்கு என்று அவளுக்குத் தெரியாது. கல்வி அலுவலரைப் பார்த்தாள், அவருக்கும் தெரியாது. அம்மாக்கள், பிள்ளைகள், ராமாயி, லாரிக்காரன் எல்லோரும் பதிலுக்காக நின்றார்கள். தறி ஓடாத அந்தத் தெருக்களில் அன்றைக்குப் போல ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை, மாரப்பனுக்கு மட்டும் அது எப்போதும் போல இருந்தது.

அப்போது சுவர் இறங்கத் தொடங்கியது. தோளில் இருக்கும், நூல் சுற்றிய பாவு உருளையைத் தரையில் அடிபடாமல் இறக்கி வைக்கிறவர்கள் போல அது அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. குளவிக்கூடும் அவளோடு கூடவே இறங்கியது. காலில் மண் பட்டபோது அவள் எந்தப் பக்கம் இறங்கினாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாரப்பன் தெருவைத் தாண்டி, கேட்டைத் திறந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே நேராக நடந்து வந்தார். எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. கோகிலத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"எந்த ஊரா இருந்தாலுஞ் சரி, வெள்ளிக்கெழமைக்குள்ள கேட்டுச் சொல்லிப்போடு" என்று அவர் சொன்னது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. "மொதலாளிகிட்ட வேலையில இருந்து நின்னுக்கறேன்னு சொல்லோணுமில்ல."